வரவேண்டிய ஆள்

மத்தியானத்துக்கே வந்திருக்க வேண்டிய கயித்தானின் கட்டுமரம் இன்னும் வரவில்லை. அதைப் பற்றிச் சிப்பித்துறையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் நெரீனாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கரையோர ஓலைக் கொட்டகைக்குள் கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே கயித்தானின் மனைவி சலேத் மணலில் காலை நீட்டிக்கொண்டு, காயாமல் போன காரப்பொடி மீன் கருவாட்டைக் கிளறிக் கிளறிக் குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளியே ஆண்கள் கும்பலாக நின்று பீடி பிடித்தார்கள், வாடைக் காற்றில் தீக்குச்சி நிற்காமல் ஒருவர் தீயை ஒருவர் கையால் மறைத்துக்கொண்டு. கடலைப் பார்க்காத மாதிரி கடலையே பார்த்தார்கள். இந்த ஊரில் ஒரு ஆள் கடலில் தாமதமானால் அவன் கரை சேரும்வரை அவன் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். ‘வரவேண்டிய ஆள்’ என்பார்கள். வரவேண்டிய ஆளுக்குச் சோறு எடுத்து வை, வரவேண்டிய ஆள் எந்தப் பக்கம் போனது, இப்படி. இந்த வழக்கத்தை முதன்முதலாக டேப்பில் பதிந்த நாள் நெரீனாவுக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதையல் கிடைத்த மாதிரி அப்படி ஒரு சந்தோஷம், அன்றைக்குச் சோறுகூட இறங்கவில்லை. கடற்கரைப் பேச்சைச் சேகரித்து அகராதி போட வந்த இத்தாலிக்காரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அன்றைக்கு யார் தாமதமானதால் அந்தப் பேச்சு எழுந்தது, அந்த ஆள் வந்தானா இல்லையா என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருக்கலாம். இனிமேல் கேட்க முடியாது, அதுவும் இன்றைக்கு முடியவே முடியாது.

பெயரைச் சொல்லக்கூடாது என்று தெரிந்ததிலிருந்து அந்தப் பெயர்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கயித்தான், கயித்தான். வாயை மூடிக்கொள்ளலாம், மண்டையை எப்படி மூடுவது? அதோடு நின்றாலும் பரவாயில்லை, பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு அந்த வாக்கியமும் வந்தது, அவள் தன் நாவலில் எழுதிய வாக்கியம், அவள் ஊர் மொழியில், அச்சில் எந்தப் பக்கத்தில் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. ‘அன்று மாலை கயித்தானின் மரம் ஆளில்லாமல் கரைக்கு வந்தது.’ எவ்வளவு சாதாரணமான வாக்கியம். அதற்காக ஒரு கோடை முழுக்க உட்கார்ந்திருக்கிறாள். முதலில் வேறு பெயர்தான் போட்டாள். சூசை என்று போட்டுப் பார்த்தாள், வாக்கியம் நொண்டியது. மிக்கேல் என்று போட்டாள், அது யாரோ ஒரு ஆளாக இருந்தது, தண்ணீரில் விழுந்தாலும் விழாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற ஆள். கடைசியில் எரிச்சலோடு உண்மைப் பெயரையே போட்டாள், தற்காலிகமாக, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று. போட்டதுதான் தாமதம், அந்த ஆள் எழுந்து நடந்தான். கயித்தானின் சரிந்த இடது தோள், கயிறு சுற்றும்போது நாக்கைக் கடித்துக்கொள்கிற பழக்கம், சலேத்தைக் கூப்பிடாமல் தொண்டையைக் கனைத்தே வரவழைக்கிற சாமர்த்தியம், எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. மாற்ற மனசு வரவில்லை. இந்த ஊரில் யார் இத்தாலி மொழி படிக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். என்னைப் பற்றி என்னக்கா எழுதுறீங்க என்று கயித்தான் ஒரு நாள் வலையை உதறிக்கொண்டே கேட்டதற்கு, மீன் பெயரெல்லாம் எழுதுகிறேன் என்று வாய் கூசாமல் சொன்னாள். அவன் நம்பினான். நம்பி, அவளுக்காகவே நாலைந்து மீன் பெயர்களை யோசித்து யோசித்துச் சொன்னான், பாவம்.

கடலுக்கு இத்தாலி மொழி தெரியாது, அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். படித்தவள், இரண்டு பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தியவள், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். எழுதினால் ஆள் சாவானா? அப்படி நினைப்பதே எத்தனை திமிர், உலகம் உன் பேனாவைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். திட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் அப்பா வந்து நின்றுவிட்டார். கியோஜாவில், அவள் பிறந்த ஊரில், கால்வாய் ஓரத்து வீட்டில், மீன் நாற்றம் போகாத கம்பளிச் சட்டையோடு. அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். அவளுடைய முதல் நாவலில் அப்பாவைப் போல ஒருவர் கடலில் மூழ்கிச் சாவார். அப்பா உயிரோடு இருக்கும்போதே எழுதினாள், அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள், பெருமையாக. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிட்டு, என்னை நல்லாத்தான் முக்கி எடுத்திருக்கே என்று சிரித்தார். சக மீனவர்களிடம் காட்டினார். அடுத்த குளிர்காலத்தில் படுக்கையில் செத்தார், கட்டில் மேல், காய்ந்த போர்வைக்குள். நுரையீரல் முழுக்க நீர் கோத்துக்கொண்டது என்று டாக்டர் சொன்னார். தாழ்வாரத்தில் நின்று சொன்னார், ஏதோ குழாய் பழுதைப் பற்றிச் சொல்வது மாதிரி. அம்மா அதைக் கேட்டுவிட்டு நெரீனாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அம்மா ஏதாவது சொல்லியிருந்தால் இவ்வளவு வருஷம் அந்தப் பார்வை கூடவே வந்திருக்காது. அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிற யாரையும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். இரண்டாவது நாவலில் எல்லாரும் அவளாகப் புனைந்த ஆட்கள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று பத்திரிகைகளில் எழுதினார்கள், யாரும் வாங்கவில்லை. மூன்றாவதுதான் இது. எல்லாரும் புகழ்ந்தது. கண்ணெதிரே நடமாடுகிற மனிதன் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு அச்சமாக இருந்தது உண்மை, ஆனால் அந்தத் துண்டுக் காகிதத்தைப் பத்திரமாக எடுத்தும் வைத்தாள், அதுவும் உண்மை.

சலேத் குனிந்த தலை நிமிராமல், காத்து இன்னும் ஏறுதோ என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. நெரீனா ஓலைச் சந்து வழியாகப் பார்த்துவிட்டு, அப்படியேதான் இருக்கிறது என்றாள். பொய். ஏறியிருந்தது. இந்தக் கரையில் வீசுகிற காற்றுக்கெல்லாம் அவளுக்குப் பெயர் தெரியும், எந்தக் காற்று எந்த மாதம், எதில் என்ன மீன் படும், எல்லாவற்றையும் அட்டை அட்டையாக எழுதி அடுக்கி வைத்திருக்கிறாள். வாடை என்ற அட்டையில், வடக்கிலிருந்து வருவது, மழைக்காலத்தது, கடலைக் கலக்குவது என்று இருக்கும். அதில் இந்த ஓலைச் சத்தம் கிடையாது. காது மடலில் மணல் வந்து அறைவது கிடையாது. திடீரென்று வெளியே ஒரு சத்தம். ஆண்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். தூரத்தில் அலைக்கு மேல் கறுப்பாக ஏதோ தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. கயித்தானின் தம்பி தொம்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடினான். நெரீனா எழுந்துவிட்டாள், ஆனால் பார்க்க மாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மரம் மட்டும் வந்தால்? ஆளில்லாமல் வந்தால்? பாய் இல்லாமல், துடுப்பு ஒரு பக்கம் கயிற்றில் இழுபட, அவள் எழுதியபடியே, அடுத்த வாக்கியத்தில் நாய் ஒன்று அதைப் பார்த்துக் குரைக்கும், நாய் குரைக்கிறதா, இல்லை, குரைக்கவில்லை, கடவுளே, நாய் குரைக்கக்கூடாது. கண்ணைத் திறந்தபோது தொம்மை இடுப்பளவு நீரில் நின்று ஒரு பனந்தடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். எங்கிருந்தோ மழை வெள்ளத்தில் அடித்து வந்த தடி. அவன் அதைக் கரையில் ஏற்றிப் போட்டுவிட்டு, உபயோகப்படும் என்பது மாதிரி காலால் ஒருமுறை உருட்டிப் பார்த்தான்.

சலேத் எழுந்திருக்கவே இல்லை. நெரீனா அதைக் கவனித்தாள். அத்தனை பேர் ஓடியும் அவள் மட்டும் கருவாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை, அது தன் புருஷனின் மரமில்லை என்று முன்னமே தெரிந்த மாதிரி, அல்லது எந்த நேரத்தில் எது வரும் என்று யாரோ சொல்லிவைத்த மாதிரி. நெரீனா மீண்டும் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கடலுக்கு இத்தாலி மொழி தெரியாது என்று மறுபடி ஆரம்பித்தாள், சொல்லும்போதே அடுத்தது வந்துவிட்டது: சாமியாருக்குத் தெரியும். வென்சஸ்லாஸ் சாமியார் ரோமில் படித்துவிட்டு வந்தவர். இந்த ஊரிலேயே அவளோடு அவள் மொழியில் இரண்டு வார்த்தை பேசக்கூடிய ஒரே ஆள். புத்தகம் பார்சலில் வந்ததும் அவள் என்ன செய்தாள்? பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டியிருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. இந்தக் கரையில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய புத்தகத்தை ஒருவராவது, ஒரே ஒருவராவது படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அந்த அரிப்பு. ஞாயிறு பூசை முடிந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவரும் மகிழ்ந்து வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் வழியில் பார்த்தால் முன்னைப்போல நிற்பதில்லை. வேலையிருக்கிறது என்று நடந்துவிடுகிறார். போன வாரம் சலேத் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனவள் வெகு நேரம் கழித்துத்தான் வந்தாள். அப்படி என்ன பெரிய பாவம் செய்துவிட்டாய் என்று நெரீனா கேலி செய்தாள். சலேத் சிரிக்கவில்லை. அன்று முதல் கயித்தான் கடலுக்குப் போகும்போது வாசல்வரை போய் நின்று பார்த்துவிட்டு வருகிறாள், முன்பெல்லாம் அடுப்படியை விட்டு நகர மாட்டாள். இதையெல்லாம் நெரீனா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்ததை ஒன்றோடொன்று சேர்க்க மட்டும் பயந்தாள். இப்போது அவை தானாகச் சேர்ந்துகொண்டன. எழுந்து போய்விடலாமா, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு, அது யார் வீடு, அதுவும் கயித்தானின் வீடு, அவள் படுக்கிற அறையின் ஜன்னல் கதவு ஆடுகிறது என்று சொன்னதும் மறுநாளே ஆப்பு வைத்துக் கொடுத்தவன் அவன். போவதற்கு இடம் இல்லை.

வெளியே பேச்சு மட்டுப்பட்டிருந்தது. இந்தக் காற்றில் வள்ளத்தை இறக்குவது புத்தியுள்ளவன் செய்கிற வேலை இல்லை, விடியட்டும், காற்று தணியட்டும் என்று பெரியவர்கள் சொன்னதும், எந்தப் பக்கம் என்று தெரிந்தாலாவது போகலாம், இவ்வளவு பெரிய கடலில் எங்கே என்று தேடுவது என்று தொம்மை அடிக்குரலில் முணுமுணுத்ததும் கொட்டகைக்குள் கேட்டன. அவர்கள் சொன்னது நியாயம் என்று நெரீனாவுக்கும் தெரிந்தது. சலேத் கையிலிருந்த கருவாட்டைக் கூடையில் போட்டாள். கையை முந்தானையில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாக, நிதானமாக. பிறகு முதல் தடவையாக நெரீனாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கிற பார்வை அது, நம்பித்தான் ஆக வேண்டும் என்று பார்க்கிற பார்வை.

“சாமியாரு அந்தக் கதைய எனக்குச் சொன்னாருக்கா” என்றாள் சலேத். “மரம் மட்டும் தனியா கரைக்கு வந்துச்சுங்கற வரைக்கும் சொன்னாரு. மேக்கொண்டு சொல்லச் சொன்னேன். இதெல்லாம் கற்பனைம்மா, போயி செபமாலை சொல்லுன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.”

நெரீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. அவளுக்கு எத்தனையோ மொழி தெரியும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், ஒன்றிலும் வரவில்லை.

“நான் உங்கள ஒண்ணும் சொல்லல” என்றாள் சலேத். “அத மட்டும் சொல்லுங்க. அப்புறம் அவுக வந்தாகளா?”

வரவில்லை. புத்தகத்தில் வரவில்லை. கடைசி அத்தியாயம் முழுக்க ஒரு பெண் கரையோரமாக நடந்துகொண்டே இருப்பாள், ஆள் வரவில்லை, உடம்பும் வரவில்லை, அவள் நடந்து நடந்து கிழவியாவாள். அந்த அத்தியாயத்தைப் பற்றித்தான் எல்லாரும் எழுதினார்கள், இதுதான் அழகு என்று. அழகுதான். எழுதி முடித்த அன்று நெரீனா மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள், தன் திறமைக்காக. நடந்துகொண்டே இருக்கிற அந்தப் பெண்ணுக்கு முகம் கொடுத்தவள் இதோ எதிரே மணலில் உட்கார்ந்திருக்கிறாள், முந்தானையில் மீன் செதிள் ஒட்டியிருக்கிறது, மூக்குத்தி ஓரத்தில் வியர்த்திருக்கிறது, பதில் கேட்கிறாள். கதை வேறு, வாழ்க்கை வேறு, சலேத், நான் எழுதுவதற்கும் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லை: இதைச் சொல்லலாம். சாமியார் அதைத்தான் சொன்னார், அதைக் கேட்டுவிட்டுத்தான் இவள் ஒரு வாரமாக வாசலில் நிற்கிறாள். உண்மையைச் சொல்லலாம். அம்மாவின் அந்தப் பார்வை சலேத்தின் முகத்திலும் வந்து உட்காரும், இன்னொரு முறை அதைத் தாங்க முடியாது, முடியவே முடியாது.

“வந்தார்” என்றாள் நெரீனா.

“உசுரோடயா?”

“உயிரோடதான்.”

சலேத் மூச்சை இழுத்து விட்டாள். கண் கலங்கவில்லை, ஆனால் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியதை நெரீனா பார்த்தாள். ஒரு கணம் அவளுக்கே அது நடந்துவிட்ட மாதிரி இருந்தது. இப்படியே எழுதியிருக்கலாமே, ஏன் எழுதவில்லை, எழுதியிருந்தால் குடிமுழுகிப் போயிருக்குமா என்று தன் மேலேயே ஒரு ஆங்காரம் வந்தது. அதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

“எந்தக் கரையிலக்கா வந்து ஏறுனாக?”

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏதாவது ஒரு பெயர், இந்தக் கரையின் பெயர் ஏதாவது ஒன்று. நேற்று சாயங்காலம் அட்டையில் எழுதிய பெயர்தான் நாக்கில் இருந்தது. “ஓடைவாய்” என்றாள். சொன்ன பிறகுதான் அந்த அட்டையின் மிச்சமும் நினைவுக்கு வந்தது. ஊருக்குத் தெற்கே, உப்போடை கடலில் சேருமிடம், எதிரே தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைகள், வாடைக் காலத்தில் வள்ளம் கொண்டு அண்டக்கூடாது. கயித்தான்தான் சொன்னான், கையால் பாறையின் உருவத்தைக் காற்றில் வரைந்து காட்டி.

சலேத் ஏற்கனவே எழுந்திருந்தாள். “தொம்மை” என்று கூப்பிட்டுக்கொண்டே வெளியே போனாள். காற்றில் அவள் சொன்னது துண்டு துண்டாகத்தான் கேட்டது. ஓடைவாய் என்பது கேட்டது. அக்கா சொல்றாக என்பது கேட்டது. பெரியவர் ஒருவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தார், உள்ளே வரவில்லை. வாடைக்குத் தெக்க இழுத்துட்டுப் போறது சரிதானே என்று யாரோ சொன்னார்கள். தொம்மை ஓடினான், அவன் பின்னால் இன்னும் சிலர் ஓடினார்கள், வள்ளத்துக்கு அடியில் உருளைத் தடி போட்டுத் தள்ளுகிற சத்தம் எழுந்தது. போகாதே என்று கத்த வேண்டும். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் நான் சொன்னது பொய். பொய் என்றால் அவர் வரவில்லை. வரவில்லை என்றால் கயித்தான் செத்துவிட்டான், அதைத் தன் வாயால், சலேத்தின் காதுபட, வரவேண்டிய ஆளின் பெயரைச் சொல்லி. நெரீனா எழுந்து நின்றாள், கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள், அதற்கு மேல் கால் நகரவில்லை. தொம்மையைப் பற்றி நாவலில் ஒரு வரிகூடக் கிடையாது. கயித்தானுக்குத் தம்பியே இல்லை அதில், தேவைப்படவில்லை. எழுதாதவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துப் பார்த்தாள், அந்த நினைப்பு கொஞ்ச நேரம்கூட நிற்கவில்லை.

வள்ளம் தண்ணீரில் இறங்கியது. முதல் அலையில் அதன் மூக்கு செங்குத்தாக எழும்ப, ஆட்கள் சரிந்து, மறுபடி நிமிர்ந்தார்கள். சலேத் திரும்பி வந்தாள், முகம் தெளிந்திருந்தது. நெரீனாவின் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் உட்காரவைத்து, தானும் அவள் காலருகே மணலில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். வள்ளம் தெற்கே திரும்பியது.

“அப்புறம் சொல்லுங்கக்கா” என்றாள் சலேத். “கரையேறுனதும் அவுக மொதல்ல என்ன சொன்னாக?”

வள்ளம் ஓர் அலைக்குப் பின்னால் இறங்கியது. அடுத்த அலை எழுந்தது, அதற்கடுத்ததும் எழுந்தது, வள்ளம் இன்னும் மேலே வரவில்லை.

“தண்ணி கேட்டார்” என்றாள் நெரீனா.